மீட்டரில் எஞ்சின் ஓடிய மணிநேரம் குறைவு என்றால் நல்ல படகா?

"10 வருஷம் தாண்டிய மோட்டார் படகைத் தொடாதீங்க, எஞ்சின் கம்மியா ஓடினதா பாத்து வாங்குங்க" என்பது ஆளைக் கவிழ்க்கும் யோசனை. சும்மா கிடந்த எஞ்சினில்தான் வம்பு அதிகம். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) இறுகிப்போகும், டேங்கில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், அலசாமல் விட்ட உப்புநீர் குளிர்விக்கும் பாதைகளை உள்ளிருந்தே அரிக்கும். ஆயில், இம்பெல்லர் மாற்றிய ரசீதுகளோடு வரும் 15 வருஷப் படகையே நான் எடுப்பேன். கேட்பாரற்றுக் கிடந்த 5 வருஷப் படகை அல்ல.

அதற்காக வயசைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. ஃபைபருக்குள் பிளைவுட் வைத்துக் கட்டிய பழைய படகுகளில், எஞ்சின் மாட்டும் பின்பலகை ஊறி உளுத்திருக்கலாம். வெளியே பெயின்ட் என்னவோ பளபளக்கும்! தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.