அப்பா டாக்டர் இல்லை

அப்பா போய் நாற்பது நாளாகிறது. மலேசியாவின் பினாங்கில், பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடலையில் நின்றுகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் என் தோளைத் தொட்டு, "பெரிய டாக்டராக இருந்தாராமே" என்றார். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் தலையாட்டிவிட்டேன். அது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அப்பா டாக்டர் இல்லை. பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனையில் 1970இல் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2006இல் நிர்வாக அதிகாரியாக ஓய்வு பெற்றவர். பதவி உயர்ந்த பிறகும் யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில் கிராணி" என்றுதான் சொல்வார். நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் டாக்டர், அவருக்கு அடுத்து மிஸ்ஸி என்கிற நர்ஸ். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துச் சீட்டு எடுக்கிறோம், மருந்தோடு வீட்டுக்கு வருகிறோம். படுக்கை விரிப்பு எங்கிருந்து வந்தது, பிணவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் யார் கேட்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற அப்பாக்கள் பிள்ளைகளைக் கர்னி டிரைவுக்கு அழைத்துப்போவார்கள். என் அப்பா என்னை வார்டுக்கு அழைத்துப்போவார். சட்டைப் பையில் தையல் இயந்திர எண்ணெய் டப்பா ஒன்று இருக்கும். இரவில் டிரோலி கீச்சிட்டால் நோயாளி விழித்துக்கொள்வார், விழித்துக்கொண்டால் வலி தெரியும் என்பார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்தைச் சுழற்றுவேன். அவர் அச்சில் இரண்டு சொட்டு விடுவார். மூன்றாவது விழுந்தால் தரை வழுக்கும் என்று பழைய பனியன் துணியால் உடனே துடைத்துவிடுவார். இதெல்லாம் அவருடைய வேலையே இல்லை. ஆனால், பழுதுபார்க்கச் சொல்லி எழுதிவிட்டுக் காத்திருக்க அவரால் முடியாது.

அது முடிந்ததும் பிரசவ வார்டு. வாசலில் நிற்கும் இளம் தகப்பன்களை ஒவ்வொருவராகப் பிடிப்பார்.

"பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்தாயிற்றா, தம்பி?"

"எடுக்க வேண்டும், ஐயா."

"கல்யாணம் பதிந்திருக்கிறீர்களா?"

"கோயிலில் தாலி கட்டினேன், ஐயா."

"அது சாமிக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியுமா?"

விளையாட்டுப் பேச்சில்லை இது. 1982 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். பதியாத தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றியே போகும். தகப்பனிடம் குடிமக்களுக்கான நீல ஐசி (அடையாள அட்டை) இருந்தும் தாயிடம் இல்லையென்றால், இந்த மண்ணில் பிறந்த பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போகலாம். பள்ளியில் சேர்ப்பதிலிருந்து வங்கிக் கணக்கு திறப்பது வரை ஒவ்வொரு வாசலிலும் அது தடுக்கி விழும்.

அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய சித்தப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து அங்கேயே பால்மரம் சீவியவர். நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேகா சமயத்தில் குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று அவர் போகவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படிப் பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறியவர்கள் பல்லாயிரம் பேர். பினாங்குத் துறைமுகத்தில் ராஜுலா கப்பல்வரை சித்தப்பாவின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த என் அப்பா. சித்தப்பா நாகப்பட்டினத்துக்குத் 'திரும்பிப்' போனார். அதற்கு முன் அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

பத்திரம் எடுக்காதவர்களைப் பார்த்து, "நம் ஆட்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்று சொல்பவர்களை அப்பாவுக்குக் கண்ணெடுத்தாலும் ஆகாது. எனக்கும்தான். தினக்கூலிக்காரனுக்குப் பட்டணத்து முகப்பில் வரிசை நிற்பது என்பது ஒருநாள் சோறு. விண்ணப்பப் பாரம் வேறு மொழியில் இருக்கும். ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால் இன்னொரு நாள் சோறும் போயிற்று. தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள நம்மிடம் ஆளுக்குக் குறைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் ஆளில்லை. அப்பாவிடம் சிபாரிசு கேட்டு வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பாரத்தோடு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் கோப்பி கிடைக்கும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதியும் ஞாயிறுதான். கடல் ஏறி வந்த அன்று நாட்டில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். செய்தி வந்ததும் கிளம்பிப்போன அப்பா, மறுநாள் இரவுதான் வீட்டுக்கு வந்தார். சோறு வேண்டாம் என்று மைலோ மட்டும் கேட்டார். பெயர் தெரியாத உடல் என்று ஒரு வரிகூடத் தன் பதிவேட்டில் நிற்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அந்த நாளைப்பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை.

இரங்கல் விளம்பரத்தில் அண்ணன் 'அர்ப்பணிப்புள்ள தந்தை' என்று போட்டிருந்தான். எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் தகராறு உண்டு. 1992இல் தமிழ்ப்பள்ளியில் நான் பரிசு வாங்கிய நாளன்று அப்பா வரவில்லை. இரட்டைக் குழந்தைகளின் தகப்பன் ஒருவரை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துப் பதிவிலாகாவுக்குப் போயிருந்தார். முகம் தெரியாத அந்த இரட்டையர்மேல் எனக்கு இன்றும் பொறாமை இருக்கிறது. அவர்களுக்கும் இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். ஊருக்குக் கொடுத்ததில் மீந்ததுதான் எங்களுக்கு வந்தது. நல்ல அப்பாதான், ஆனால் மீதி அப்பா.

அம்மாவின் குறை வேறு. அப்பாவும் அம்மாவும் 1976இல் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் செய்தவர்கள். புதிய சட்டம் பழைய திருமணங்களைத் தள்ளிவைக்கவில்லை, விரும்பினால் பதிந்துகொள்ளலாம் என்றிருந்தது. அப்பா விடுவாரா? 1982இல் நான் அம்மாவின் இடுப்பில், அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தோடு போய்க் கல்யாணத்தைப் பதிந்து வந்தோம். "இரண்டு பிள்ளை பெற்ற பிறகு எனக்குக் கல்யாணம்" என்று நாற்பது வருடம் அம்மா சொல்லாத விருந்தாளி இல்லை.

போன வாரம் அப்பாவின் பென்ஷனை அம்மா பேருக்கு மாற்றப் போயிருந்தோம். அலமாரியில் அப்பா வைத்திருந்த நீல பிளாஸ்டிக் கோப்பை அம்மா அப்படியே நீட்டினார். ஒவ்வொரு உறையிலும் அப்பாவின் கையெழுத்தில் துண்டுச் சீட்டு. திருமணப் பத்திரம், இரண்டு ஐசி, வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் மும்மூன்று நகல். முகப்பில் இருந்த பெண் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

"இல்லை, வீட்டில் ஒரு கிராணி இருந்தார்" என்றார் அம்மா.

கடைசி உறைச் சீட்டில் 'இறப்புப் பத்திரம், 3 நகல்' என்று எழுதியிருந்தது. அது ஒன்றுதான் என் பொறுப்பு. நான் இரண்டுதான் எடுத்திருந்தேன். மின்தூக்கி பழுது. நான்கு மாடி இறங்கிப்போய் இன்னொன்று எடுத்து வந்தேன்.