ரிக்வெஸ்ட் முழுக்க ஒரே டிரான்ஸாக்‌ஷனா?
பயனரின் ரிக்வெஸ்ட் தொடங்கும்போது, மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்யும் டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து, பதில் போகும்போது கமிட் செய்தால் (மாற்றங்களை நிலையாகச் சேமித்தால்) போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நடுவில் பேமென்ட் கேட்வேயை (பணம் வசூலிக்கும் வெளிச் சேவையை) அழைக்காத வரை சரி. நான் வேலை பார்த்த ஒரு டிக்கெட் தளத்தில் கேட்வே பதில் சொல்லும் வரை சீட்டின் லாக்கும் (வேறு யாரும் அதை மாற்றாதபடி போட்ட பூட்டு) டேட்டாபேஸ் கனெக்‌ஷனும் சும்மா பிடிபட்டுக் கிடக்கும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் கனெக்‌ஷன்களின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பார்த்தால் வரிசையாக ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’ (டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பவை), சிபியுவோ தூங்கிக்கொண்டிருக்கும்! சீட்டை ‘பெண்டிங்’ என்று குறித்து முதலில் கமிட், அப்புறம் கேட்வே, பதில் வந்ததும் புது டிரான்ஸாக்‌ஷனில் உறுதி என்று பிரித்த பிறகுதான் அடங்கியது. கட்டுரையின் கீழ் கருத்துச் சொன்ன ஒருவர் பூல் (தயாராகத் திறந்து வைக்கும் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) அளவைக் கூட்டச் சொல்கிறார். பூல் ஒவ்வொரு வொர்க்கர் பிராசஸுக்கும் (ரிக்வெஸ்டுகளைக் கையாள ஓடும் நிரலின் ஒவ்வொரு நகலுக்கும்) தனி, ஐயா. எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற பைதான் டேட்டாபேஸ் லைப்ரரியில் இயல்பாகவே 5, நெருக்கடிக்கு இன்னும் 10. ஏழு வொர்க்கர் ஓடினால் 105 கனெக்‌ஷன். போஸ்ட்கிரஸின் இயல்பு உச்சவரம்பே 100தான்.