வாலிபர் ஊழியமும் என் நீல நோட்டும்

எங்கள் கிறிஸ்தவ சபையில் இளைஞர்களை நடத்துகிற வாலிபர் ஊழியப் பொறுப்பில் இருந்தபோது என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. சனிக்கிழமை கூடுகை முடிந்து எல்லாரும் கிளம்பியதும் அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் குறித்து வைப்பேன். 18, 23, 31. ஒரு தடவை 60-ஐத் தாண்டியது. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. ஆறு வருடம் இப்படி எழுதினேன். அப்புறம் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனேன். ஆறே மாதத்தில் கூடுகை நின்றுபோனது.

"நீங்க போனதும் எல்லாமே போச்சுண்ணா" என்று ஒரு தம்பி போனில் சொன்னான். வெளியில் வருத்தப்பட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அது பாராட்டு இல்லை, என்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்று புரிய ஒரு வருடம் பிடித்தது.

வாலிபர் ஊழியத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "பசங்களை எப்படி வர வைக்கிறது?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். டிரம்ஸ், கீபோர்டு, விளையாட்டு, முகாம், கலர் விளக்கு என்று ஒன்றையும் விடவில்லை. இவற்றின்மேல் எனக்கு இப்போதும் கோபம் கிடையாது. டிரம்ஸ் சத்தம் கேட்டால் என் காலும் தாளம் போடும். ஆனால் நிகழ்ச்சிக்காக வருகிறவன் இதைவிட நல்ல நிகழ்ச்சி கிடைக்கிற இடத்துக்குப் போகத்தான் செய்வான். அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நாம் காட்டியது நிகழ்ச்சியைத்தானே.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு வயது இருக்கும். கூடுகை முடிந்ததும் மைக் வயர்களையெல்லாம் முறுக்கில்லாமல் வட்டமாகச் சுருட்டி, நுனியை ஒரு ரப்பர் பேண்டில் மாட்டி வைப்பான். யாரும் அவனிடம் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு நாள் வயரைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அண்ணா, ஜெபம் பண்ணும்போது அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கு. அப்படி இருந்தா என்ன பண்றது?" நான் ஒரு வசனத்தைச் சொன்னேன், தோளில் தட்டினேன், "விசுவாசமா இரு தம்பி" என்றேன். வாசலில் இன்னொருவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மொத்தமே ஒரு நிமிடம்தான்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் கவனிக்கவே இல்லை. நோட்டில் எண்தானே இருந்தது, பெயர் எங்கே இருந்தது? அவன் வராத வாரம் புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள், எண்ணிக்கை கூடியிருந்தது.

கவனித்தவர் வேறொருவர். சபையில் இரண்டாம் வரிசையில் உட்காருகிற, எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. வாலிபர் கூடுகைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையன்தான் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கி விடுவானாம். ஆளைக் காணவில்லையே என்று போன் பண்ணியிருக்கிறார். பிறகு வாரா வாரம் பண்ணியிருக்கிறார். பிரசங்கமெல்லாம் இல்லை. "சாப்பிட்டியா, பரீட்சை எப்படி எழுதின, எனக்கும் சில நாள் ஜெபமே வராதுடா" அவ்வளவுதான். ஐந்து மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான். என்னுடைய கூடுகைக்கு வரவில்லை, ஞாயிறு ஆராதனைக்கு வந்தான். வந்து அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் முதலில் இருந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். இந்தப் பகுதியை நான் பல தடவை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சபையில் இருக்கும் பாட்டிகளின் பெயர்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். எங்களுக்குத் தனி அறை, தனிப் பாட்டு, தனி நேரம். பெரியவர்கள் உள்ளே வந்தால் "பசங்க ஃப்ரீயா இருக்க மாட்டாங்க" என்று நானே தடுத்தேன். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதில் வாலிபர் குழுவை விட்டு வெளியே வரும்போது, பெரிய சபை அவர்களுக்கு அந்நியர் வீடாக இருந்தது. அங்கே அவர்களுக்குத் தெரிந்த ஒரு முகம்கூட இல்லை. அவர்கள் சபையை விட்டுப் போனார்கள் என்று சொல்கிறோம். யோசித்துப் பார்த்தால், உள்ளே வந்தால்தானே போவதற்கு?

வருடத்தில் ஒரு ஞாயிற்றை வாலிபர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற ஞாயிறுகளில் அவர்களை நாற்காலி அடுக்க விடுகிற பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. வேதபாகம் வாசிக்கட்டும், காணிக்கை எண்ணும் குழுவில் உட்காரட்டும், நோயாளிகளைப் பார்க்கப் போகிற பெரியவரோடு கூடப் போகட்டும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1844 ஜூன் 6 அன்று லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தை ஆரம்பித்த ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு அப்போது 22 வயது. துணிக்கடையில் வேலை பார்த்தவர். கூட இருந்த 11 பேரும் அவரைப் போன்ற இளைஞர்கள்தான். 1881-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தம் சபை வாலிபர்களுக்காகக் கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தைத் தொடங்கியபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் கூட்டத்தில் ஏதாவது ஒரு விதத்தில் பங்கெடுப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்று வைத்தார். குழுக்களை நடத்தியதும் வாலிபர்களே. சும்மா உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அங்கே இடமில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் கழித்து நாம் என்ன செய்கிறோம்? மேடையில் ஐந்து பேர், கீழே ஐம்பது பேர் கைதட்டுகிறார்கள்.

பொறுப்பைக் கொடுத்தால் சொதப்புவார்கள்தான். ஒரு பெண் பிள்ளையை முதல்முறை ஜெபம் நடத்தச் சொன்னபோது பாதியில் வார்த்தை வராமல் நின்றுவிட்டாள். நான் உடனே மைக்கை வாங்கி அழகாக முடித்து வைத்தேன். எவ்வளவு பெரிய தப்பு! பத்து விநாடி மௌனம் யாரை என்ன செய்திருக்கும்? அதற்குப் பிறகு அவள் மைக்கைத் தொடவே இல்லை. வேதத்தில் வருகிற மாற்கு, ஊழியப் பயணத்தில் பாதி வழியில் திரும்பிப் போனவன் என்பதால் பவுல் அவனை மறுபடியும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றார். பவுலின் உடன் ஊழியர் பர்னபா சண்டை போட்டுக்கொண்டு அவனைத் தன்னோடு கூட்டிப் போனார். பிற்காலத்தில் அதே பவுல்தான் மாற்கு தமக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதுகிறார். வாலிபர் ஊழியம் செய்கிறவர்களில் பவுல்கள் நிறைய இருக்கிறோம். பர்னபாக்கள்தான் குறைவு.

இன்னொரு விஷயம். எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. நம்மிடம் 'அண்ணன்' மோகம் அதிகம். என்ன படிக்க வேண்டும், எந்த வேலைக்குப் போக வேண்டும், யாரைக் கல்யாணம் பண்ண வேண்டும் என்று எல்லாவற்றையும் அண்ணனிடம் கேட்டுத்தான் செய்வார்கள். அண்ணனும் "ஜெபம் பண்ணினேன், கர்த்தர் வேண்டாம்னு சொல்றார்" என்பார். பத்தொன்பது வயதுப் பிள்ளை அதற்கு மேல் என்ன பேசும்? எனக்கு இந்த அதிகாரம் ருசித்தது. அதனால்தான் சொல்கிறேன், இது விஷம். ஆலோசனை சொல்லலாம், கூட உட்கார்ந்து யோசிக்கலாம். முடிவு அவர்களுடையது, அவர்கள் வீட்டாருடையது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு மூடிய அறையில் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, ஜெபத்துக்காக என்றாலும். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவு திறந்திருக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குத் தனி மெசேஜ் கிடையாது. தகவல் எல்லாம் பெற்றோரும் பார்க்கிற குழுவில்தான். நேற்றுத்தான் சபைக்கு வந்தவர் நன்றாகக் கிடார் வாசிக்கிறார் என்பதற்காக முகாமுக்குப் பொறுப்பாளர் ஆக்கக் கூடாது. விசாரிக்க வேண்டும், சில மாதங்கள் பார்க்க வேண்டும். "எங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை" என்பார்கள். சரி, இருக்கட்டும். நல்லவருக்கும் அந்த விதி ஒரு வேலிதான், அவர்மேல் வீண்பழி வராமல் காக்கும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று சொன்னால், பிள்ளையைப் பாதுகாக்க முடிந்தவர்களிடமும் சட்டத்திடமும் அதைக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். சபைப் பெயர் கெடும் என்று மூடி வைத்தால் கெடுவது பிள்ளை. அதேபோல, ஒருவன் பல வாரங்களாகத் தூங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்கிறான் என்றால் ஜெபியுங்கள், அன்றைக்கே மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். கால் முறிந்தவனை உபவாச ஜெபத்தில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோமா?

பதின்மூன்று வயதுப் பிள்ளையையும் இருபத்தைந்து வயது இளைஞனையும் ஒரே அறையில் உட்கார வைத்து உறவுகளைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு அது பயம், இன்னொருவருக்கு அது சலிப்பு. பிரசங்க நீளத்தைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை, வேதத்தில் வருகிற ஐத்திகு என்ற வாலிபன் பேசுவான். பவுலே பிரசங்கித்தும் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே.

இப்போது இருக்கும் சபையில் மறுபடியும் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தபோது ஆயரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். என்னோடு சேர்ந்து நடத்த இரண்டு பேர் வேண்டும். மாதம் ஒரு முறை என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற ஒரு மூப்பர் வேண்டும். பணக் கணக்கும் அவர் பார்ப்பார், என் வீட்டு நிலவரமும் கேட்பார். மாமனார் எத்திரோ வந்து சொல்லும்வரை மோசேக்கே தன் களைப்பு தெரியவில்லையே. மூன்றாம் வருடம் பொறுப்பைக் கைமாற்றிவிட்டேன். சாவியை நீட்டியபோது கை கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

போன சனிக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டையே தாங்க முடியாத உயரத்தில் எடுத்துவிட்டார்கள். சரணத்தில் பாதிப் பேருக்குக் குரல் உடைந்தது. மிக்சரில் கீபோர்டு சத்தம் வேறு அதிகம். எழுந்து போய்ச் சரிசெய்ய இரண்டு அடி தூரம்தான். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த பாட்டில் அவர்களே இறக்கிப் பாடினார்கள்.

முடிந்ததும் நோட்டுப் பொறுப்பில் இருக்கும் பத்தொன்பது வயதுத் தங்கை நேராக என்னிடம் வந்தாள். இந்த நோட்டில் பெயர்கள் மட்டும்தான் உண்டு, கூட்டல் கிடையாது. பேனாவை ஒரு வரியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, போன வாரம் நீங்க வரலையே. உடம்பு சரியில்லையா?"