பன்றி, அணில், கீரி

சுவாமிமலையில் ஒரு தையல் கடை. மிஷின் முன்னால் கணவர். தரையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார் மனைவி. மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. அக்கம்பக்கத்துக்கு இனிப்பு கொடுத்தாகிவிட்டது. இப்போது சாமான் பட்டியல் வந்திருக்கிறது.

மனைவி: என்னங்க, படிக்கட்டுமா?

கணவர்: தாராளமாகப் படி. அரசுக் கல்லூரி, பீஸ் கையைக் கடிக்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்று புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு. இனிமேல் நமக்கு என்ன செலவு?

மனைவி: பன்றி முடி, ஆறு.

கணவர்: என்னது?

மனைவி: பிரஷ்ஷுங்க. எண்ணெய் வண்ணத்துக்குப் பன்றி முடிதான் விறைப்பாக நிற்குமாம். வாட்டர் கலருக்கு அணில் முடி. அதுதான் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளுமாம்.

கணவர்: படம் வரையத்தானே சேர்த்தோம்? கால்நடைப் படிப்பில் எதுவும் சேர்த்துவிடவில்லையே?

மனைவி: மெல்லிசுக் கோட்டுக்கு அந்தக் காலத்தில் கீரி முடியாம்.

கணவர்: கீரியா! அடியே, அது வனவிலங்குச் சட்டத்தில் வருகிற பிராணி. விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். படிப்புச் செலவு பண்ணலாம், ஜாமீன் செலவுமா பண்ண முடியும்?

மனைவி: அவளே நைலான் போதும் என்று சொல்லிவிட்டாள்.

கணவர்: நைலானா? அதை முதலில் சொல்லக் கூடாதா? நம்ம சரக்கு. ஒரு கோன் நூலே தருகிறேன், வெட்டிக் கட்டிக்கொள்ளச் சொல்.

மனைவி: அடுத்து ட்யூப் கலர். இதில் ஒரு சங்கதி இருக்கு. எல்லா நிறமும் ஒரே விலை இல்லையாம். சீரிஸ் 1, சீரிஸ் 2 என்று படிப்படியாக ஏறும். மண்ணிலிருந்து வருகிற காவி, மஞ்சக்காவி எல்லாம் மலிவு. காட்மியம் சிவப்பு, கோபால்ட் நீலம் பக்கம் போனால் நகைக்கடை மாதிரி.

கணவர்: மண் மலிவு என்றால் வயலை வரையட்டும். அறுவடை முடிந்த வயல்.

மனைவி: மேலே வானம்?

கணவர்: மேகமூட்டம்.

மனைவி: நாலு வருஷமுமா?

கணவர்: ஐப்பசி மாதத்து வானம் என்று சொல்லிக்கொள்ளட்டும். யார் கேட்கப் போகிறார்கள்?

மனைவி: அல்ட்ராமரைன் என்று ஒரு நீலம் மட்டும் மலிவாம். அந்தக் காலத்தில் கல்லை அரைத்து எடுத்தது, தங்க விலை விற்றதாம். இப்போ தொழிற்சாலையில் செய்வதால் இறங்கிவிட்டது. வேட்டிக்குப் போடுகிற நீலப்பொடியும் அதே ஜாதிதானாம்.

கணவர்: (மிஷினை நிறுத்தி) நீலப்பொடியா? வீட்டில் அரை பாக்கெட் இருக்கே!

மனைவி: இந்த முகம் வரும் என்று தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன். போன வாரம் அவள் படம் வரையக் கரி கேட்டதற்கு இஸ்திரிப் பெட்டிக் கரியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து அனுப்பினீர்களே, அதனால் கிழிந்த தாள்தான் இதோ, இது.

கணவர்: கரி கரிதானே?

மனைவி: இல்லையே. நான் புளியங்குச்சியைப் பட்டை உரித்து, தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு அடுப்பில் வைத்தேன். ஓட்டையில் புகை நின்றதும் இறக்கி, ஆறுகிறவரை மூடியைத் திறக்கவே கூடாது. முதல் டப்பா அவசரத்தில் திறந்து சாம்பலாகப் போச்சு. இரண்டாவது டப்பா வழுவழுவென்று எழுதுது. வகுப்பில் ஏழு பேர் கேட்டாயிற்று. குச்சி இரண்டு ரூபாய்.

கணவர்: நம் வீட்டில் முதலில் சம்பாதித்த ஓவியர் நீதான். சரி, அடுத்து?

மனைவி: மாடல். அசையாமல் உட்கார ஓர் ஆள்.

கணவர்: நான்தான் அன்றைக்கு உட்கார்ந்தேனே!

மனைவி: உட்கார்ந்தீர்கள். கால் நிற்கவே இல்லையாம். மிஷின் இல்லாமலே மிதித்துக்கொண்டு இருந்தீர்களாம். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், அவரே கல்லூரிக் காவலாளியைத்தான் மாடலாக நிற்க வைத்தாராம். நமக்கு யார் இருக்கிறார்கள்?

கணவர்: அந்தச் சிலையில் பாறையை நாலு பேர் தள்ளுகிறார்கள். இங்கே நான் ஒருத்தன் தள்ளுகிறேன்.

மனைவி: அப்போ கரி யார் சுட்டதாம்? சரி, கடைசியாகக் கேன்வாஸ், இரண்டு...

கணவர்: படிக்காதே! முடிச்சாச்சு. (பலகைக்குப் பின்னாலிருந்து எடுக்கிறார்.) கடையில் விலை கேட்டேன். காடா துணிக்கு வெள்ளை பூசினதற்கு அந்த விலையா? தச்சரிடம் சட்டம் வாங்கி, நானே அடித்துவிட்டேன். மூலையில் ஆரம்பித்தால் சுருக்கம் விழும். ஒவ்வொரு பக்கமும் நடுவில் ஓர் ஆணி, அப்புறம்தான் மூலைக்குப் போக வேண்டும். பெவிகாலில் தண்ணீர் விட்டு, சாக் பவுடர் கலந்து இரண்டு கை. நடுவில் உப்புத்தாள். தட்டிப் பார்!

மனைவி: (தட்டுகிறார்.) அடேங்கப்பா, மேளம் மாதிரி இருக்கே. காடா இவ்வளவு நைஸாகவா இருக்கும்?

கணவர்: நல்ல துணி.

மனைவி: எங்கே எடுத்தீர்கள்?

கணவர்: ரேக்கில், இரண்டாவது தட்டு.

(மனைவியின் ஊசி அப்படியே நிற்கிறது.)

மனைவி: என்னங்க, காடா மூன்றாவது தட்டு. இரண்டாவதில் இருந்தது மேலவீதி டீச்சரம்மா பாவாடைக்குக் கொடுத்த பாப்ளின்.

கணவர்: உரித்துவிட முடியாதா?

மனைவி: பெவிகால்.

கணவர்: எப்போ வாங்க வருவதாகச் சொன்னார்கள்?

மனைவி: இன்றைக்குச் சாயந்திரம். (வாசலை எட்டிப் பார்த்து) சாயந்திரம் வந்தாச்சு. செருப்பைக் கழற்றிக்கொண்டு இருக்கிறார்கள்.

கணவர்: உள்ளே கூப்பிடு. அந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் போடு, வெளிச்சம் நன்றாக விழட்டும். பாப்பா! கரியை எடுத்துக்கொண்டு வா, டீச்சரம்மா ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரப் போகிறார்கள்!