சாயம் பூசிய கண்ணாடி லேசரைத் தடுக்காது

"தாலோசயனின் சாயம் பூசிய மூக்குக்கண்ணாடி எந்த லேசரையும் தடுக்கும்" என்று பரவும் செய்தி தவறு. நம்பினால் பார்வை போய்விடலாம்.

சாயத்துக்கு அப்படியொரு குணம் இருப்பது உண்மைதான். இவ்வகைச் சாயங்களில் ஒன்றான இண்டியம் தாலோசயனின், மங்கலான 532 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பெருமளவு உள்ளே விடும். வலுவான நானோநொடித் துடிப்பு பட்டால் மூலக்கூறுகள் மும்மை நிலை எனப்படும் ஆற்றல் கூடிய கிளர்ந்த நிலைக்குப் போய், முன்னைவிட அதிகமாக உறிஞ்சும். ஆனால் அதற்கு ஒளி குவிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதைத் தொலைநோக்கி போன்ற கருவிக்குள், ஒளி குவியும் இடமான குவியத் தளத்தை ஒட்டி வைக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி இருப்பதோ விழிக்கு முன்னால். ஒளி குவிவது விழித்திரையில், சுமார் 1,00,000 மடங்கு. கண்ணாடியில் உள்ள சாயம் இன்னும் வேலை செய்யத் தொடங்காத அளவு ஒளியே விழித்திரையைச் சுட்டுவிடும்.

அலைநீளமும், அந்த ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஒளியடர்த்தி (OD) எண்ணும் அச்சிட்ட பாதுகாப்புக் கண்ணாடியையே வாங்குங்கள். 532 நானோமீட்டருக்கு 6 என்றிருந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். பச்சை லேசரில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசியலாம். அந்த எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.