உவர்க் கிணற்றை ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் வருமா?

"கிணறு உவர்த்துவிட்டதா? இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள், அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது." திருகோணமலைக் கரையோர ஊர்களில் வட்ஸ்அப்பில் சுற்றும் இந்த ஆலோசனை தவறு. கடலோர மணலில் நடப்பது நேர் எதிரானது.

மழைநீர் உப்புநீரைவிட இலேசானது, அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பழைய கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், உப்பு பல மீற்றர் மேலேறும். ஆழத் தோண்டுகிறவர் உப்பைத் தேடிப் போகிறார். சிறு தீவுகளில் இந்த நன்னீர்ப் படலம் இன்னும் மெல்லியது. மாலைதீவின் மாலே நகரம் அளவுமீறி இறைத்ததால் அதைக் கெடுத்துக்கொண்டு, இன்று கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிக்கிறது. கடல்மட்டம் உயர்வது நெருக்கடியைக் கூட்டும்.

கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது, கிருமிதான் சாகும்.

செலவு குறைந்த வழி கூரையிலேயே இருக்கிறது. 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர். சிந்துவது போக, பெரும்பகுதி தாங்கிக்குள் சேரும். மாரியின் முதல் மழையை வெளியே விட்டு, பீலியில் வலை கட்டி, தாங்கியை இறுக மூடுங்கள். கிணற்றில் சிறிது சிறிதாக, மேல்நீரை மட்டும் இறையுங்கள்.