எந்த அளவையால் அறிந்தோம்?

"எலக்ட்ரானைப் பார்த்தால் அது தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. ஆகவே உலகத்தைப் படைப்பது நம் உணர்வுதான். ஞானிகள் இதை அன்றே சொல்லிவிட்டார்கள்." இந்தக் கருத்து ஏதாவது ஒரு வடிவில் திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. பகிர்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதில் இயற்பியலும் அடிபடுகிறது, மெய்யியலும் அடிபடுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சோதனை. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக, ஒரு தடுப்பில் அருகருகே உள்ள இரண்டு குறுகிய பிளவுகளை நோக்கி அனுப்புகிறார்கள். திரையில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு புள்ளியாகத்தான் விழும். முதல் சில பத்துப் புள்ளிகளில் எந்த ஒழுங்கும் தெரியாது. ஆயிரக்கணக்கில் விழுந்த பிறகு அடர்த்தியும் வெறுமையும் மாறி மாறி வரிகளாகத் தெரியும். எந்தப் பிளவு வழியே போனது என்று கண்டுபிடிக்க ஒளியைப் பாய்ச்சினால் வரிகள் அழியும். இரண்டு பிளவுகளையும் பிரித்தறிய, ஒளியின் அலைநீளம் பிளவுகளின் இடைவெளியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அலைநீளம் குறைந்தால் ஒளித்துகளின் உந்தம் கூடும். அது எலக்ட்ரானுக்குக் கொடுக்கும் உதையே வரிகளைக் கலைத்துவிடும். அலைநீளத்தைக் கூட்டினால் வரிகள் திரும்ப வரும், ஆனால் பாதை தெரியாது. இன்னும் நுட்பமாகச் சொன்னால் உதைகூட அவசியமில்லை. எந்தப் பாதை என்பதற்கான தடயம் வெளியே எங்காவது பதிந்தாலே போதும்.

அந்தத் தடயத்தை யாரும் படிக்க வேண்டியதில்லை என்பதுதான் பகிர்வுகளில் விடுபட்டுப்போகும் செய்தி. வியன்னாவில் 1999-ல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலேயே இந்த வரிகளைக் காட்டினார்கள். 2003-ல் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டு, வெற்றிடக் கலத்துக்குள் சிறிது சிறிதாக வாயுவை விட்டார்கள். வாயு கூடக் கூட வரிகள் மங்கின. அடுத்த ஆண்டு மூலக்கூறுகளையே லேசரால் சூடாக்கினார்கள். அவை வெளிவிட்ட வெப்பக் கதிரே தடயமாகி வரிகளை அழித்தது. அங்கே 'பார்த்தது' ஒரு வாயு மூலக்கூறு, அல்லது ஒரு வெப்பக் கதிர். மனித உணர்வுக்கு அதில் வேலையே இல்லை.

உணர்வுக்குப் பங்குண்டு என்று 1961-ல் எழுதிய இயற்பியலாளர் யூஜின் விக்னர், பின்னாளில் அந்த நிலையிலிருந்து விலகினார். குவாண்டம் இயற்பியலின் அடிப்படைச் சமன்பாட்டைத் தந்த ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் உண்மையாகவே தோய்ந்தவர். 1925-ல் அதைப் பற்றி ஆழமாக எழுதியும் இருக்கிறார். ஆனால் 1926-ல் அவர் வெளியிட்ட சமன்பாடு துகளுக்கும் அலைத்தன்மை உண்டு என்ற டி பிராலியின் பொருளலைக் கருத்திலிருந்தும், ஒளியியலுக்கும் இயக்கவியலுக்கும் இடையே ஹாமில்டன் கண்ட ஒப்புமையிலிருந்தும் வந்தது. ஹைட்ரஜனின் ஆற்றல் நிலைகளைச் சரியாகக் கொடுத்ததால்தான் அது நிலைத்தது. இரண்டையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக்காத நேர்மை அவரிடம் இருந்தது.

இந்த நேர்மை நம் மெய்யியல் மரபுக்கும் புதிதல்ல. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் தத்துவத்துக்குள் நுழையுமுன் அளவையை, அதாவது அறியும் வழியைப் பேசுகிறது. ஒன்றை எதனால் அறிந்தோம் என்பதே அதன் முதல் கேள்வி. பிறர் ஆறு என்றும் பத்து என்றும் சொன்ன அளவைகளைக் காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது) என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. காண்டல் என்றால் கண்ணால் பார்த்தது எல்லாம் அல்ல. ஐயமும் திரிபும் (ஒன்றை வேறொன்றாகத் தவறாக அறிவதும்) நீங்கியிருக்க வேண்டும். அந்தக் காட்சியையும் நான்காகப் பிரிக்கிறது: புலன்வழி வரும் வாயிற்காட்சி, மனத்தால் அறியும் மானதக் காட்சி, இன்ப துன்பங்களைத் தானே உணரும் தன்வேதனைக் காட்சி, யோகப் பயிற்சியால் அறியும் யோகக் காட்சி. ஆன்மிகத்தையும் அறிவியலையும் கோக்கும் எந்தக் கூற்றையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பார்க்கலாம்.

மூச்சை எடுத்துக்கொள்வோம். 2001-ல் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. லத்தீன் மொழி ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரத்தையும் சொல்லவைத்து மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே 10 விநாடிக்கு ஒருமுறை எழும் அலையோடு அந்தத் தாளம் ஒத்துப்போகிறது. அதனால் அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயல் வலுப்படுகிறது. இது வாயிற்காட்சி, கருவி அளந்தது. எந்த மந்திரம் உண்மையானது என்பதைப் பற்றி இந்த ஆய்வு ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் 5 விநாடி இழுத்து, 5 விநாடி விட்டால் போதும். மூக்கு வழியாக, சத்தமில்லாமல். பெரும்பாலோர் தவறுவது ஆழத்தில்தான். மெதுவாக மூச்சு விடச் சொன்னால் நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். உடலில் கரியமில வாயு குறைகிறது, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்குகின்றன. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கும், தலை லேசாகச் சுற்றும். இதைத்தான் பலர் 'சக்தி எழுந்துவிட்டது' என்று நினைத்து இன்னும் வேகமாக இழுக்கிறார்கள். உணர்ச்சி பொய்யல்ல, அது தன்வேதனைக் காட்சி. அதற்குச் சொல்லும் காரணம்தான் திரிபு. திருமூலர் மூச்சை இழுக்க, அடக்க, விடச் சொல்லும் 16, 64, 32 கணக்கை விநாடியாக எடுத்துக்கொண்டால் ஒரு மூச்சுக்கு 112 விநாடி ஆகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தொடவே கூடாது. உரைகாரர்கள் கொள்ளும் அலகு மாத்திரை. இலக்கணம் தரும் மாத்திரையோ கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம்.

நெற்றியில் கட்டிக்கொண்டு தியானத்துக்கு மதிப்பெண் வாங்கும் பட்டைகளும் வந்துவிட்டன. மூளையலை சில பத்து மைக்ரோவோல்ட்தான். பல்லைக் கடித்தாலே, புருவத்தை நெரித்தாலே தசை மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். கண்ணை மூடினாலே ஆல்ஃபா அலை என்ற வகை மூளையலை கூடும், தியானம் செய்யத் தேவையில்லை. வாங்கியவர்கள் ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடி 2 நிமிடம் வெறுமனே உட்காருங்கள், பிறகு 2 நிமிடம் மனக்கணக்குப் போடுங்கள், பிறகு 2 நிமிடம் தாடையை இறுக்குங்கள். மதிப்பெண் எதற்கு ஏறுகிறது, எதற்கு இறங்குகிறது என்று பார்த்தால் அந்தக் கருவி எதை அளக்கிறது என்று ஓரளவு பிடிபடும்.

எதிர்த்திசையிலும் இதே தவறு நடக்கிறது. "தியானத்தில் மூளையின் இந்தப் பகுதி ஒளிர்கிறது, ஆகவே அந்த அனுபவம் வெறும் மூளைச் செயல்." அப்படிப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் நரம்பணுவை நேரடியாகப் பார்ப்பதில்லை. சில விநாடி பிந்தி வரும் இரத்த ஓட்ட மாற்றத்தைத்தான் பார்க்கிறது. ஒரே நேரத்தில் பல்லாயிரம் புள்ளிகளை ஒப்பிடுவதால், புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் தற்செயலாகவே சில புள்ளிகள் ஒளிரும். 2009-ல் இறந்த சால்மன் மீன் ஒன்றை வைத்தே அதைக் காட்டினார்கள். திருத்தம் எல்லாம் செய்தாலும்கூட, ஒரு பழத்தைப் பார்க்கும்போதும் மூளையின் ஒரு பகுதி செயல்படத்தான் செய்கிறது. அதனால் பழம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தவர் "அமைதியாக இருந்தது" என்று சொல்லும்போது, அவருக்கு அது தன்வேதனை. குறித்துக்கொள்ளும் ஆய்வாளருக்கு அது உரை. வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேட்கும் மருத்துவரின் நிலையும் அதுவே. இந்த மாற்றத்தை எந்தக் கருவியும் தவிர்க்க முடியாது. ஆகவே யோகக் காட்சியில் கண்டதாகச் சொல்பவர் கோளைப் பற்றியோ நோயைப் பற்றியோ சொன்னால், அது புலனுக்கு எட்டும் உலகத்தைப் பற்றிய கூற்று. அளந்து பார்க்க அவர் இசைய வேண்டும். தன் அகத்தைப் பற்றி மட்டும் சொன்னால், அதை மறுக்கும் தகுதி நெற்றிப் பட்டைக்கு இல்லை, அதற்குச் சான்றிதழ் கொடுக்கும் தகுதியும் இல்லை.